கஸ்தோனின் நாற்பது பயில்வான்கள்

செய்தி வந்தது காலை பதினொன்றே முக்காலுக்கு. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், யூ.பி.எஸ். பெட்டிகள் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றின் சோதனை மேசையில் விஜயராகவன் அப்போதுதான் ஒரு சர்க்யூட் பலகையைப் புரட்டிப் போட்டிருந்தான். கைபேசியில் மரி-க்ளேர் அக்காவின் பெயர் தெரிந்தது. கஸ்தோனின் அக்கா. பகல் வேளையில் அவள் யாரையும் கூப்பிடுகிறவள் இல்லை.

"விஜி, கஸ்தோன் போயிட்டாண்டா."

குளித்துவிட்டு வந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருக்கிறான். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். உடம்பை வாங்கிக்கொண்டு ஒரு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவோம் என்றாள்.

விஜயராகவன் கேட்ட முதல் கேள்வி இதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் தூக்கத்தில் அவனைப் புரட்டியெடுத்த கேள்வியும் இதுதான்:

"அக்கா, வீட்ல அந்த மெஷின் எரியுதா?"

 கொஞ்ச நேரத்தில் இணைப்பு போய்விட்டது.

அந்த மெஷின் ஒரு ஜப்பானிய வீடியோ கேம் பெட்டி. அதில் செருகியிருப்பது ஒரே ஒரு விளையாட்டு: காசு வாங்கிக்கொண்டு மேடையில் மோதும் பயில்வான்களின் குஸ்தி. மேலட்டையில் உள்ள பெயரை வாசிக்கத் தெரிந்தவர் கஸ்தோன் இருந்த குருசுக்குப்பத்தில் ஒருவரும் இல்லாததால் எல்லோருக்கும் அது ஜப்பான் குஸ்தி. ஐந்து மாதமாக அது ஒரு நொடிகூட அணைக்கப்படவில்லை. அணைத்தால் அதற்குள் இருக்கும் நாற்பது பேரும் அழிந்துபோவார்கள். அப்படி ஒரு நிலைமைக்கு அதைக் கொண்டுவந்து நிறுத்தியவன் விஜயராகவன்தான்.

மேலாளரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அவன் ஸ்கூட்டரைக் கிளப்பினான். கொக்கு பார்க் தாண்டும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. இன்று செவ்வாய்க்கிழமை. பராமரிப்புக்காகக் குருசுக்குப்பம் பக்கம் பத்து மணி முதல் மூன்று மணி வரை மின்சாரம் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அப்படியானால் மெஷின் பத்து மணியிலிருந்து இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. கஸ்தோன் வீட்டு இன்வெர்ட்டரோ கிழடு. ஒரு காற்றாடியும் மெஷினும் மட்டுமென்றால் மூன்றரை மணி நேரம் தாங்கும். சாவு விழுந்த வீட்டில் ஒரு காற்றாடியோடு யார் உட்காருவார்கள்?

ராஜீவ் காந்தி சிக்னலில் சிவப்பு விழுந்தது. நூற்றிருபது நொடி. ஸ்கூட்டர் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதில் இரண்டு உலோகக் கால்கள் வைத்த வட்டமான பேட்டரி, ஐம்பது காசு அளவுக்கு. மார்ச் மாதம் வாங்கியது. அதைப் பற்றவைக்க வேண்டிய சால்டரிங் அயர்னைக் கம்பெனி மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டோம் என்பது எழுபதாவது நொடியில் உறைத்தது. திரும்புவதா, போவதா? பச்சை விழுந்ததும் பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தது. அவன் போனான்.

கஸ்தோனின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, ஊர்ப் பேச்சில் சொல்தாவாக, இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த வழியில் பிள்ளைக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. பத்தொன்பது வயதில் கஸ்தோன் விமானம் ஏறினான். பட்டாளச் சேவையை முடித்துவிட்டு, பாரீஸ் நகரத்து ஓரத்தில் பார்சல் பிரிக்கும் கிடங்கு ஒன்றில் ராத்திரி வேலைக்குச் சேர்ந்தான். கிடங்குக்கு எதிரே ஒரு கஃபே. அதன் மூலையில் காசு போட்டு ஆடும் குஸ்தி மெஷின். மற்ற விளையாட்டுகளில் யார் வேகமாகப் பட்டனை அடிக்கிறானோ அவன் ஜெயிப்பான். இதில் அப்படியில்லை. இரண்டு பயில்வான்களும் கைகோத்துப் பிடிக்கும் அந்த ஒரு கணத்தில் அழுத்த வேண்டும். முந்தினாலும் விழுவாய், பிந்தினாலும் விழுவாய். அவசரக்காரனுக்கு இதில் ஒன்றும் கிடையாது. எட்டு வருஷம் கஸ்தோன் அந்த மெஷினோடு மல்லுக்கட்டினான். கஃபேயை மூடியபோது முதலாளி அதைக் குப்பையில் போடப் பார்த்தார். இவன் கேட்டு வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டான்.

தொண்ணூற்றெட்டில் அவன் ஊர் திரும்பினான். துறைமுகத்திலிருந்து வந்த லாரியைப் பார்த்து மரி-க்ளேர் அக்கா சொன்னதைத் தெருவே இன்னும் சொல்லிச் சிரிக்கும். "எல்லாரும் ஃபிரான்ஸ்லேர்ந்து சென்ட்டு பாட்டில் கொண்டாருவான். எந்தம்பி பீரோவுக்கு எஞ்சின் வெச்சுக் கொண்டாந்திருக்கான்."

வீட்டு முன்னறையில் கேம் கடை போட்டான். அக்கம்பக்கத்துப் பையன்களெல்லாம் அங்கேதான் கிடந்தார்கள். விஜயராகவன் முதலில் வந்தது ஆடுவதற்கல்ல, ரிப்பேருக்கு. ஜாய்ஸ்டிக் ஒன்று இடதுபக்கம் திரும்ப மறுத்தது. சரிசெய்துவிட்டுப் போகிறவனை, "ஒரு ஆட்டம் போட்டுட்டுப் போ" என்று கஸ்தோன் உட்கார வைத்தான். அந்த ஆட்டம் இருபத்தாறு வருஷம் நீண்டது.

கடையை இரண்டாயிரத்து ஒன்பதில் மூடினார்கள். உப்புக்காற்று குடித்துப் பெரிய மெஷினின் பலகை செத்துப்போனது. அதற்குள் கஸ்தோன் அதே விளையாட்டின் வீட்டு வடிவத்தை, டி.வி.யில் மாட்டி ஆடும் சின்னப் பெட்டியை, வாங்கி வைத்திருந்தான். அதில்தான் அவனுக்கு உண்மையான பித்துப் பிடித்தது. நாமே பயில்வான்களைச் செய்யலாம். மொத்தம் நாற்பது இடம். முகம், உடம்பு, கால்சட்டை மட்டுமல்ல, சுபாவத்தையும் செய்யலாம். எதிராளி விழுந்தால் இவன் என்ன செய்வான், நூற்றில் எத்தனை முறை பாய்வான், எத்தனை முறை தள்ளி நிற்பான், ரத்தம் வந்தால் மிரள்வானா என்று எல்லாவற்றுக்கும் எண் கொடுக்கலாம். கொடுத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டால் அவர்கள் தாமாகவே மோதிக்கொள்வார்கள்.

கஸ்தோன் கடைக்கு வந்த பையன்களை ஒவ்வொருவராக அதற்குள் ஏற்றினான். மீன் ஏலம் விடுகிறவன், பெயின்டர், போலீஸ் வேலைக்குப் போனவன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆளுக்கொரு பக்கம். தெருவில் யாராவது சண்டை போட்டால் நின்று பார்ப்பான், வீட்டுக்கு வந்து எண்ணை மாற்றுவான். வெளியூர் போனவர்களும் அதில் இருந்தார்கள், கடலில் போய்த் திரும்பாத ஒருவனும் இருந்தான். மாலையில் டி.வி.யைப் போட்டு, இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து மோதவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பான்.

அவன் மனைவி ஏலோதி காய்ச்சலில் இறந்தபோது மகள் ஒரேலிக்கு ஒன்பது வயது. அப்பாவும் மகளும் ஒரு வாரம் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து ஏலோதியைச் செய்தார்கள். பயில்வானாக அல்ல. "உங்கம்மா குஸ்தி போட மாட்டா, எண்ண வெச்சிடலாம்" என்றான் கஸ்தோன். நாற்பதாவது இடத்தில் அவள் நடுவர். வெள்ளைச் சட்டை, பின்னிய முடி. யார் விழுந்தாலும் குனிந்து தரையைத் தட்டி மூன்று எண்ணுவாள். ஒரேலி பதினெட்டு வயதில் துலூஸுக்குப் படிக்கப் போய் அங்கேயே நர்ஸாகிவிட்டாள். விடுமுறையில் வந்தால் அவள் முதலில் உட்காருவது அந்தப் பெட்டி முன்னால்தான்.

இந்த நாற்பது பேரும் உயிரோடு இருப்பது பெட்டியில் செருகும் விளையாட்டு அட்டைக்குள் இருக்கும் ஒரு சின்ன பேட்டரியின் தயவில். மார்ச் மாதம் விஜயராகவன் அதை அளந்து பார்த்தான், இன்னொரு முறை அணைத்தால் தாங்காது என்னும் அளவுக்குத் தீர்ந்திருந்தது. மெஷின் ஓடும்போது அதற்கு பேட்டரி தேவைப்படாது, அதனால் ஓடவிட்டபடியே மாற்றிவிடலாம் என்று சொல்லி, அட்டையின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, வெறும் பலகையைச் செருகி, மெஷினைப் போட்டான். "அணைச்சுடாத. ஞாயித்துக்கிழமை வந்து மாத்திடறேன்" என்றான்.

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லவில்லை. ஏப்ரல் போனது, மே போனது. கஸ்தோன் மெஷின்மேல் பிரெஞ்சிலும் தமிழிலும் "தொடாதே" என்று எழுதி ஒட்டினான். போன் பேசும்போதெல்லாம், "டாக்டர் எப்ப வர்றாரு? பேஷன்ட்டு கோமாவுல கெடக்கறாரு" என்று கேட்பான். விஜயராகவனுக்கு வேலை இருந்தது, மூலக்குளத்தில் வீட்டுக்கு மாடி எழுப்புகிற அலைச்சலும் இருந்தது. ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல. ஓடும் பலகையில் ஈயம் ஒரு சொட்டு தப்பி விழுந்தால் போதும், ஏலோதி போய்விடுவாள். ஆயிரம் பலகை பார்த்த கை அந்த ஒரு பலகைக்குப் பயந்தது. இதை அவன் கஸ்தோனிடம் சொல்லவில்லை.

பன்னிரண்டரைக்கு வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே இன்வெர்ட்டரின் பீப் சத்தம் கேட்டது. கூடத்தில் இருபது பேருக்குமேல் இருந்தார்கள். மூன்று காற்றாடிகளும் ஓடின, இரண்டு விளக்குகளும் எரிந்தன. டி.வி.யின்மேல் யாரோ வெள்ளைத் துணியைப் போர்த்தி, பிளக்கைப் பிடுங்கிச் சுற்றி வைத்திருந்தார்கள். சாவு வீட்டில் அதுதானே முதல் வேலை. துணிக்குக் கீழே எட்டிப் பார்த்தான். மெஷினின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எழுதி ஒட்டிய காகிதம் அதைக் காப்பாற்றியிருந்தது.

அவன் நேராகப் போய் விளக்குகளை அணைத்தான். பகல்தானே, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஓரத்துக் காற்றாடி. பிறகு நடுக் காற்றாடி. ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கம். ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எதிர்வீட்டுக் கலியபெருமாள், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சட்டைக் காலரைத் தூக்கி ஊதிக்கொண்டு கேட்டார்.

"ஏம்ப்பா, செத்தவனுக்கு ஃப்ரீசர் பெட்டி வருதாமே! எங்களுக்குக் காத்தாடிகூட கெடையாதா?"

இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். இன்வெர்ட்டர் தாங்காது என்று விஜயராகவன் முனகினான். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? ஒரு விளையாட்டுப் பெட்டிக்காக என்று சொன்னால் அறைவார்கள். வாசலுக்குப் போனான், உள்ளே வந்தான், சிவப்பு விளக்கைப் பார்த்தான், மறுபடி வாசலுக்குப் போனான். யாரோ ஒருவர் நடுக் காற்றாடியை மறுபடி போட்டுவிட்டார். அவன் அதை மறுபடி அணைத்தான். நண்பன் செத்த வீட்டில் தான் இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

ஒரு மணிக்கு உடம்பு வந்தது. கஸ்தோன் தூங்குகிறவன்போல் இல்லை. எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டவன்போல் இருந்தான். பெஞ்சில் கிடத்தி, தலைமாட்டில் சிலுவையும் மெழுகுவர்த்தியும் வைத்தார்கள். மரி-க்ளேர் அக்கா தம்பியின் தலைப்பக்கம், எஞ்சியிருந்த ஒரே காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்தாள். பீப் சத்தம் இப்போது விடாமல் அடித்தது. விஜயராகவனுக்குத் தெரியும், இப்படி அடிக்க ஆரம்பித்தால் பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. அவன் சுவிட்ச் பக்கத்தில் நின்றான். கை எழவில்லை.

அக்கா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். எழுந்து வந்தாள். அவன் கையைத் தள்ளிவிட்டுத் தானே அந்தக் காற்றாடியை அணைத்தாள்.

"யாருக்காவது புழுங்குச்சின்னா வெளிய போய் வேப்பமரத்துக்கடில ஒக்காருங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, போன்ல நான் அப்படிக் கேட்டது..." என்று அவன் அருகில் குனிந்து ஆரம்பித்தான்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றப்போ எனக்கும் அதாண்டா நெனப்பு" என்றாள் அவள், தம்பியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் வாயத் தொறந்து கேக்கல, அவ்ளோதான். போ. எதனா பண்ணு. அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள அவ அம்மாவ அணைச்சுடாதீங்க."

ஃப்ரீசர் பெட்டியை ஏற்றிக்கொண்டு குட்டி யானை வண்டி வந்தது ஒன்று இருபதுக்கு. ஒரேலி புதன் ராத்திரி சென்னையில் இறங்குகிறாள். அதுவரை உடம்பு பெட்டியில் இருக்க வேண்டும். பிரான்சிலிருந்து ஆள் வர வேண்டிய வீடுகளில் இது வழக்கம் என்பதால் வண்டிக்காரர்கள் ஜெனரேட்டரையும் சேர்த்தே கொண்டுவருவார்கள். வண்டியிலிருந்து இறங்கியவன் தமிழ்மாறன். கேம் கடைக்குப் பள்ளிக்கூடம் கட் அடித்துவிட்டு வந்த கூட்டத்தில் ஒருவன்; இப்போது சொந்தமாக நாலு பெட்டி வைத்திருக்கிறான். விஜயராகவன் அவனை ஓரமாக இழுத்து, ஜெனரேட்டரிலிருந்து ஒரு லைன் வேண்டும் என்றான்.

"காத்தாடிக்கா? தர முடியாதுண்ணே. பெட்டிக்கு மட்டுந்தான். லோடு ஏறி அது நின்னுச்சின்னா எம்பேரு கெட்டுடும்."

"காத்தாடிக்கு இல்ல. ஜப்பான் குஸ்திக்கு."

தமிழ்மாறன் கையில் கேபிளோடு அப்படியே நின்றான். கூடத்தை எட்டிப் பார்த்தான். வெள்ளைத் துணி, அதற்குக் கீழே கசியும் சிவப்பு. "இன்னும் ஓடுதா? நானு அதுல இருக்கேனாண்ணே?"

"பதினேழாவது எடம். மஞ்சள் ஜட்டி."

"மஞ்சளா" என்றான் தமிழ்மாறன். வேறெதுவும் பேசாமல் ஜெனரேட்டரின் கயிற்றைச் சுண்டினான். முதலில் இழுத்த கேபிள் மெஷினுக்கு வந்தது. இன்வெர்ட்டரில் இருந்த பிளக்கைக் கழற்றாமல் மாற்ற வழியில்லையே என்று விஜயராகவன் தவித்தபோது, இன்வெர்ட்டர் கரன்ட் வாங்கும் பின்பக்கத்துக்கே அந்த லைனைக் கொடுத்துவிடலாம் என்று சொன்னதும் தமிழ்மாறன்தான். யூ.பி.எஸ். செய்கிறவனுக்கு அது தோன்றவில்லை. கொடுத்தார்கள். பீப் நின்றது. கூடத்தில் திடீரென்று விழுந்த அமைதியில்தான் எல்லோருக்கும் அழுகை வந்தது. விஜயராகவனுக்கும் வந்தது.

துணியை எடுத்து டி.வி.யைப் போட்டுப் பார்க்க வழியில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. உள்ளே ஆட்கள் இருக்கிறார்களா, பீப் அடித்த அந்தக் கடைசி நேரத்தில் மின்சாரம் ஒரு நொடி தளர்ந்து எல்லாரும் அழிந்துவிட்டார்களா, ஒருவருக்கும் தெரியாது. விஜயராகவன் ராத்திரி வீட்டுக்குப் போவான், இரண்டு மணி நேரம் புரண்டுவிட்டுத் திரும்ப வருவான்.

வியாழக்கிழமை விடியலில் ஒரேலி வந்தாள். அன்று சாயங்காலம் கஸ்தோனை அடக்கம் செய்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில், கூடத்தில் அவளும் அத்தையும் விஜயராகவனும் மட்டும் இருந்தபோது, அவள் துணியை மடித்து வைத்துவிட்டு டி.வி. பிளக்கைச் செருகினாள். சின்ன வயதிலிருந்தே அவனை அவள் தொந்தோன் என்றுதான் கூப்பிடுவாள், பிரெஞ்சில் மாமா.

"பயமா இருக்கு, தொந்தோன். நீங்க போடுங்க."

அவனும் போடவில்லை. மரி-க்ளேர் அக்கா வந்து பட்டனை அழுத்தினாள். திரையில் பெயர்ப் பட்டியல் வந்தது. ஒரேலி விரலால் எண்ணிக்கொண்டே கீழே போனாள். பதினேழில் மஞ்சள் ஜட்டி. முப்பத்தெட்டில் பச்சைக் கால்சட்டையோடு விஜயராகவன். முப்பத்தொன்பதில் கறுப்பு உடையில் கஸ்தோன். நாற்பதாவது இடத்தில் பின்னிய முடியோடு ஏலோதி நின்றாள். 

பிறகு ஒரேலி கஸ்தோனையும் விஜயராகவனையும் தேர்ந்தெடுத்து, அம்மாவை நடுவராக வைத்து, கையை எடுத்துக்கொண்டாள்.

விஜயராகவன் தன்னை இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. தன்னுடைய ஆட்டம் வரும்போதெல்லாம் கஸ்தோன் சிரித்துக்கொண்டே மாற்றிவிடுவான். பச்சைக் கால்சட்டைக்காரன் நன்றாகத்தான் பிடித்தான். கறுப்பு உடைக்காரனைத் தூக்கிப் போட்டான். விழுந்தவன்மேல் படுத்து அமுக்க வேண்டிய நேரத்தில், பின்வாங்கி, மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிக்கொண்டு மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அதற்குள் கஸ்தோன் எழுந்து, கூட்டத்தைப் பார்த்துக் கை தூக்கினான். பச்சைக் கால்சட்டைக்காரன் அவனை மறுபடி தூக்கிப் போட்டான். மறுபடி சுற்றி வந்தான். ஏலோதி குனிவதற்குத் தயாராகி, குனியாமலே நிமிர்ந்தாள். முப்பது நிமிடமும் இப்படியே போய் மணி அடித்தது. டிரா.

ஒரேலி நோட்டுப் புத்தகத்தில் முப்பத்தெட்டாம் பக்கத்தைப் புரட்டி, கஸ்தோனின் சாய்ந்த எழுத்தை வாசித்தாள். "விஜி. நல்ல கை. எதிராளி விழுந்தா அமுக்கறது, நூத்துக்கு நாலு." வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள். "பப்பா உங்கள கரெக்டாதான் செஞ்சிருக்காரு."

மரி-க்ளேர் அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நாலு ஜாஸ்தி" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரேலிக்கு விமானம். பேட்டரியை மாற்றிக் கொடுத்தால் பெட்டியையும் அட்டையையும் கையோடு எடுத்துப் போகிறேன் என்று கேட்டாள். அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, விஜயராகவன் சால்டரிங் அயர்னோடு வந்தான். மெஷின் ஓடியது, டி.வி.யில் பட்டியல் தெரிந்தது. பழைய பேட்டரியின் ஒரு காலைச் சூடாக்கித் தூக்கினான். சுத்தமாக வந்தது. திரையைப் பார்த்தான், நாற்பது பேரும் இருந்தார்கள். இரண்டாவது காலுக்கு நுனியைக் கொண்டுபோய், தொடாமலே எடுத்துவிட்டான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி கொண்டுபோனான். எழுந்து வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தான். மூன்றாம் முறை நுனி பலகைக்கு ஒரு நூல் மேலே நின்றபோது, ஒரேலி அவன் தோளில் கை வைத்தாள்.

"விடுங்க, தொந்தோன். டிசம்பர்ல வருவேன். அப்ப எடுத்துட்டுப் போறேன்."

அவள் நோட்டுப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். மரி-க்ளேர் அக்கா இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி போட்டுவிட்டாள். குருசுக்குப்பத்து வீட்டில் சிவப்பு விளக்கு எரிகிறது. பழைய பேட்டரியின் ஒரு கால் எடுத்தாயிற்று. இன்னொரு கால் பலகையில் இருக்கிறது. புதியது பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல், மெஷினுக்குப் பக்கத்தில், சால்டரிங் அயர்னோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது.